வாசிப்பு இடர்பாடும் கணினியும்

மாணவர்களே, கற்றல் இடர்பாடுடைய பிள்ளைக்குக் கணினி எவ்வாறு உதவும் என்று வினவினால் பலர் "கவர்ச்சியானது" என எழுதி நிறுத்திவிடுகின்றனர். அது போதாது. இடர்பாட்டையும் கணினியின் இயல்பையும் தொடர்புபடுத்துக.

உதாரணமாக, டிஸ்லெக்சியா எனும் வாசிப்பு இடர்பாடு நுண்ணறிவுக் குறைவன்று. 'மந்தமான பிள்ளை' என விடையில் எழுதவே கூடாது. எழுத்தை ஒலியுடன் இணைப்பதே அப்பிள்ளைக்குக் கடினம். 'கொடு', 'கோடு' என்பவற்றில் தடுமாறும்போது கணினி சொல்லைத் திரையில் காட்டி, ஒலித்தும் காட்டும். பத்தாம் முறை கேட்டாலும் அது சலிப்பதில்லை, வகுப்பும் சிரிப்பதில்லை. விடை சரியா என்பது உடனே தெரியும். சிறு படிகள், உடனடி மீளவலியுறுத்தல் என்பன 1950களில் ஸ்கின்னர் தமது கற்பித்தற் பொறியில் கையாண்டவையே. அவர் பெயரையும் குறிப்பிடுக.

எனினும், பிள்ளை எச்சொல்லில் இடறுகின்றது என இனங்கண்டு, அதற்கேற்ற பயிற்சியைத் தெரிவுசெய்வது ஆசிரியரே. இதனை எழுதுவோர் மிகச் சிலர்.