ரேஸ் கார் பிரேக் நம்ம ரோட்டுக்கு ஆகுமா?

போன மாத இதழில் ஏழாம் வகுப்புத் தங்கை ராக்கெட் பற்றி எழுதியிருந்தாள். நான் அவ்வளவு உயரம் போகவில்லை. எங்க மாமா மெக்கானிக் பட்டறையில் தரையில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். வேலை, ஆற்றல் பாடம் படித்தவர்களுக்கு எளிதாகப் புரியும்.

அரைப் பரீட்சை லீவில் ஒரு பெரியவர் தன் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கொண்டு வந்தார். இது வெளிநாட்டுக் கார் என்று நினைத்தேன். இல்லையாம், நம்ம வண்டலூரில் 1961 முதல் செய்த கார். இதே காரின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆக ஹெரால்டு, ஸ்போர்ட்ஸ் காருக்கு அக்கா முறை. அந்த உறவை வைத்து, பெரியவர் முன் சக்கரம் இரண்டிலும் ஸ்பிட்ஃபயரின் டிஸ்க் பிரேக்கை மாட்டியிருந்தார். பின்னால் பழைய டிரம் பிரேக்தான்.

முன்பக்க பேடு தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தது. புதுப் பேடு அவரே வாங்கி வந்திருந்தார். "இது ரேஸ்ல போடுறது, நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பேரப்பிள்ளைங்களோட ஏலகிரி போறோம், அதான்" என்றார்.

மாமா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது வேணாம். மலைக்குப் போறதுன்னா நான் மாட்ட மாட்டேன்" என்றார். பெரியவருக்குக் கோபம். "ரேஸ்காரனுக்கே நிக்குது, எனக்கு நிக்காதா?" என்றார். எனக்கும் அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. வந்த வேலையை மாமா ஏன் விடுகிறார்?

பிரேக் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வு மூலம் வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். சூத்திரத்தில் போட்டால் சுமார் 1,39,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 33 டிகிரி சூடாக்க இது போதும். ஒரே ஒரு தடவை நிறுத்த இவ்வளவு! மலையில் 100 மீட்டர் உயரம் இறங்கினால் 9,80,000 ஜூல். அதாவது ஏழு தடவை நிறுத்துகிற வெப்பம். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கைத் தாங்கும். மிச்சம் எல்லாம் அந்தச் சின்னப் பேடு தலையில்.

இந்தக் கணக்கை மாமாவிடம் காட்டி, "அப்போ சூடு தாங்குற ரேஸ் பேடுதானே மாமா நல்லது?" என்றேன். "பாப்பா, சூடு தாங்கும். ஆனா சூடு ஆனாத்தான் அது பிடிக்கவே பிடிக்கும்" என்றார்.

இதுதான் முக்கியமான விஷயம். ரேஸ் பேடு பல நூறு டிகிரியில் வேலை செய்யும்படி செய்தது. ரேஸில் சுற்றுக்குச் சுற்று பிரேக் அழுத்துவதால் சூடு ஆறவே ஆறாது. நம்ம ரோட்டில் பத்து நிமிஷம் பிரேக்கே தொடாமல் போவோம், திடீரென்று ஆடு குறுக்கே வரும். அந்த முதல் அழுத்தில் பேடு பச்சையாக, குளிர்ந்து இருக்கும். அதிலும் அந்தக் காலத்து ஹெரால்டில் கால் பலத்தைக் கூட்டித் தரும் சர்வோ கிடையாது. நம் கால்தான் எல்லாம்.

சாதாரணப் பேடு இதற்கு நேர்மாறு. குளிரில் உடனே பிடிக்கும், மிதமிஞ்சிச் சூடானால் வழுக்கும். நிறையப் பேடுகளின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில் உராய்வு. ஈ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டும் எஃப் என்றால் சூடானாலும் பெரிதாக மாறாது என்று அர்த்தம். தரத்துக்கு அது மட்டும் சாட்சி இல்லை, எவ்வளவு நாள் உழைக்கும் என்பது எழுத்தில் தெரியாது என்றார் மாமா.

பெரியவர் சமாதானம் ஆகவில்லை. கடைசியில் மாமா, "சரி, மாட்டுறேன். இங்கேயே ஓட்டிப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க" என்றார். காலையில் ஆள் இல்லாத ரோட்டில் சாக்பீஸால் கோடு போட்டேன். 40 கி.மீ. வேகத்தில் வந்து கோட்டில் பிரேக். கார் நின்ற இடம் வரை என் காலடியில் 26 அடி! பெரியவர் முகம் மாறிவிட்டது. திரும்பத் திரும்ப ஓட்டினார். ஏழாவது தடவை 17 அடியில் நின்றது. மாமா சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் ஆடு ஏழாவது தடவை வரைக்கும் காத்திருக்குமா?

பிறகு மாமா எஃப் எஃப் எழுத்துள்ள சாதாரணப் பேடு வரவழைத்தார். இரண்டு சக்கரத்துக்கும் ஒரே ஜோடி. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ இழுக்கும். டிஸ்க்கில் வரி விழுந்திருக்கிறதா, பின் டிரம்மில் எண்ணெய்க் கசிவு உண்டா என்றும் பார்த்தார். எண்ணெய் பட்ட பிரேக் கட்டையைத் துடைத்தால் போதாது, மாற்றத்தான் வேண்டும். மாட்டிய பிறகு இருபது முப்பது தடவை மெதுவாக அழுத்தி, நடுநடுவே ஆறவிட்டு, பேடு டிஸ்க்கோடு பழக வேண்டும். அதற்கப்புறம் முதல் அழுத்திலேயே 17 அடி.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாமாவோடு சண்டை போட்டேன். பிரேக் தூசியை வாயால் ஊதுவார். பழைய காலப் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்து பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுவிடும். இங்கிலாந்தில் 1999-இல் முழுவதும் தடை செய்துவிட்டார்கள். பழைய கார் என்பதால் பழைய ஸ்டாக் பெட்டி தேடி வாங்குபவர்கள் உண்டு, அது ஆபத்து. இப்போது மாமா ஈரத் துணியால் துடைக்கிறார். நான் இல்லாதபோது எப்படியோ தெரியாது.

மாணவிகளுக்காக ஒரு செய்தி. 1888-இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மா, கணவர் செய்த காரில் மகன்கள் இருவரோடு முதல் நெடும்பயணம் போனார். வழியில் மரக்கட்டை பிரேக் தேய்ந்து போக, செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி அதில் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். இன்றைய பேடுக்கு முன்னோடி அந்தத் தோல்தான். டிஸ்க் பிரேக் பெயர் வாங்கியது 1953-இல், அந்தப் பிரேக் போட்ட ஜாகுவார் கார் பிரான்சில் லெ மான் ரேஸை ஜெயித்தபோது. நம் பக்கத்தில் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா கம்பெனி 1962-இல் வந்தது.

பெரியவர் ஏலகிரி போய்விட்டு வந்து எங்களுக்கு மலைவாழைப்பழம் கொடுத்தார். ரேஸ் பேடுகளை மாமாவிடமே விட்டுவிட்டார். பட்டறை அலமாரியில் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை என்னோடு வரலாம். வரும்போது உங்கள் சைக்கிளையும் கொண்டு வாருங்கள், பிரேக் கட்டை எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிடலாம்.