மணிக்குப் பூச்சி மருந்து

அன்புள்ள கவின்,

மாமரத்தடியில் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்து மணி என்று பேர் வைத்திருக்கிறாயாம். அவன் வாந்தியில் அறுந்த ரப்பர் பேண்ட் மாதிரி வெள்ளையாக ஏதோ நெளிந்ததாக உன் அம்மா போனில் சொன்னாள். அது நாயின் உருளைப்புழு. டாக்சோகாரா கேனிஸ் என்று பெயர். தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும், பாலிலும் வரும். விலா எலும்பு தெரிய, வயிறு மட்டும் பானையாக உப்பியிருக்கிறதா, பார்.

புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழும். விழுந்த அன்று அது யாரையும் ஒன்றும் செய்யாது. உள்ளே இளம்புழு உருவாகப் பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்குள் மலம் கரைந்து மறைந்திருக்கும். முட்டையோ ஈரமண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். மண்ணைத் தோண்டிப் பிழைக்கிற ஊர் நம் நெய்வேலி. எனக்கு இப்போது கவலையெல்லாம் குவார்ட்டர்ஸ் தோட்டத்து மண்ணைப் பற்றித்தான். தினமும் தண்ணீர் பாய்கிற அந்த நிழலில் விழுந்த மாங்காயைச் சட்டையில் துடைத்துக் கடிக்கிறீர்களே!

விழுங்கிய முட்டை குடலில் பொரியும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இளம்புழு குடல்சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு ஈரல், நுரையீரல் என்று அலையும். அரிதாகக் கண்ணுக்கோ மூளைக்கோ போய்விடும். எலியின் மூளைக்குள்ளும் இப்படித்தான் போய்த் தங்கும். அந்த எலியை நாய் தின்றால் நாய்க்குள் வளர்ந்து பெரிதாகும். நம் உடம்பில் அதற்கு அந்த வழி இல்லை. வளரவும் முடியாமல் கிடக்கும், சுற்றிலும் வீங்கும். பலருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்குத் தலைவலி, வலிப்பு. 1951-இல் இங்கிலாந்தில் போலியோவில் இறந்த ஒரு குழந்தையின் மூளையில் இப்படி ஓர் இளம்புழு இருந்தது. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில் ஹெலனோர் வைல்டர், பெரும்பாலும் புற்றுநோய் என்று சந்தேகித்து அகற்றிய குழந்தைகளின் கண்களில் புழுக்களைக் கண்டார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பள்ளியில் தருகிற அல்பெண்டசோல் மாத்திரை குடற்புழுவுக்கு. அலைகிற இந்தப் புழுவுக்கு அந்த ஒன்று போதாது. மருத்துவர் பார்த்துப் பல நாள் தர வேண்டும்.

மணியை விரட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவன் போனதை அன்றன்றே அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடு. பிறகு நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவு. சனிக்கிழமை காலை வருகிறேன், கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போவோம். எடை பார்த்துத்தான் பூச்சி மருந்து தருவார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போக வேண்டியிருக்கும். அவனைச் சுற்றி எடுத்துப்போக ஒரு பழைய துண்டு எடுத்து வை.

அன்புடன்,
மாமா