வாக்காளர் பட்டியலும் கிராமத்தார் கடமையும்

களை மண்டிய வயலில் பயிர் செழிக்காது. ஆயினும், களையெடுப்பவர் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டால் அதனினும் பெருநஷ்டமாகும். வாக்காளர் பட்டியலும் இத்தகையதே. இறந்தோர், ஊரைவிட்டு நிலையாகக் குடிபெயர்ந்தோர் ஆகியோரின் பெயர்கள் அதில் நீடித்தலாகாது. உரிமையுடைய ஒருவரது பெயரும் விடுபடலாகாது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் 1960ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகளும் இவ்விரண்டிற்கும் வழி வகுத்துள்ளன.

1951–52இல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அவர்கள் தம் சொந்தப் பெயரைக் கூறாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் கூறியதே காரணம். பதிவில் நேரும் குறை வாக்குரிமையையே பறித்துவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

யாருக்கு உரிமை உண்டு?

18 வயது நிறைந்து, தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்கும் இந்தியக் குடிமக்கள் பதிவுக்கு உரியவர்கள். முன்னர் ஜனவரி முதல் நாளன்று மட்டுமே வயது கணக்கிடப்பட்டது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாட்களும் தகுதி நாட்களாயின. ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே, அதுவும் ஒரு முறை மட்டுமே பதிவு பெறலாம்.

ஓரூரில் வீடோ நிலமோ இருப்பதனால் மட்டும் ஒருவர் அவ்வூரில் குடியிருப்பவராகக் கருதப்படமாட்டார். அதேபோல், கரும்பு வெட்டவோ செங்கற்சூளை வேலைக்கோ தற்காலிகமாக வெளியூர் சென்றவர், அக்காரணத்தால் மட்டும் சொந்த ஊரில் தம் உரிமையை இழப்பதில்லை. வீடு பூட்டியிருக்கிறது என்பதற்காக அவரை ஊரைவிட்டுப் போனவர் என்று கூறிவிடுதல் தகாது.

சேர்த்தலும் நீக்கலும்

பெயர் சேர்க்கப் படிவம் 6, ஆட்சேபிக்கவும் நீக்கவும் படிவம் 7, திருத்தத்திற்குப் படிவம் 8 ஆகியவை உரியன. ஊரில் குடியில்லை என்றோ தகுதியில்லை என்றோ ஒருவர் பெயரை நீக்குமுன், வாக்காளர் பதிவு அலுவலர் அவர் தரப்பைக் கூற வாய்ப்பளித்தல் வேண்டும். முடிவு பாதகமாயின் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சித் தலைவரிடமும், அதன் பின்னர் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். தெரிந்தே பொய் உறுதிமொழி அளிப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தக்க காரணமின்றிக் கடமை தவறும் பதிவு அலுவலர்களுக்கும் தண்டனை உண்டு.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கது

நம் மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்குரிய பட்டியலும் சட்டமன்றப் பட்டியலைக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. எனவே, ஒன்றில் நேர்ந்த பிழை மற்றொன்றிலும் தொடரும். வரைவுப் பட்டியல் வெளியானதும் அங்கத்தினர்கள் அதைத் தெருத்தோறும் வாசித்துக் காட்டுவார்களாக. புதிதாக மணமுடித்து வந்த பெண்கள், வேலைக்குச் சென்றுள்ளோர், 18 வயது நிறைந்த இளைஞர் ஆகியோரின் பெயர்களைக் குறிப்பாகக் கவனித்தல் நலம். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் இப்பணியில் சிறிதும் கூடாது.

வேட்புமனு அளிக்கும் இறுதி நாள் கழிந்தபின், அத்தேர்தல் முடியும்வரை பட்டியலில் சேர்த்தலும் நீக்கலும் திருத்தலும் இயலா. வாக்குச்சாவடி வாயிலில் நின்று வருந்துவதைவிட, இன்றே பட்டியலைப் பார்ப்பது அறிவுடைமையாகும்.