விமானம் நிலம் சேர்தல்

பனையின் உச்சியில் பருந்து வந்து அமர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அமருமுன் அது தன் சிறகுகளை அகல விரித்துக் காற்றைத் தடுக்கும். வேகம் முற்றும் அடங்கிய பின்னரே அதன் கால்கள் மட்டையைத் தொடும். விமானத்துக்கு அவ்வாற்றல் இல்லை. சிறு விமானங்களும் பெரும்பாலும் மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தோடுதான் நிலத்தைத் தொடுகின்றன.

இருவரோ நால்வரோ அமரத்தக்க சிறு விமானத்தைச் சொந்தமாக வைத்துத் தாமே ஓட்டுவோர் அமெரிக்காவில் மிகப் பலர். அவ்விமானங்களுக்கு நேரும் விபத்துகளில், நிலம் சேரும்போது நேர்வனவே மிகுதி. அவற்றுட் பெரும்பாலானவை சக்கரம் முறிதல், இறக்கை வளைதல் என்ற அளவில் முடிந்துவிடும். உயிரைக் கவரும் விபத்தோ பெரும்பாலும் ஓடுபாதையை அடையுமுன் வானிலேயே நிகழ்கிறது.

பாதைக்கு நேராக வருவதற்கு விமானி கடைசியாக ஒரு முறை திரும்புதல் வேண்டும். காற்றுத் தள்ளியதால் திரும்பவேண்டிய இடத்தை அவன் கடந்துவிட்டான் என்று கொள்வோம். பாதை பக்கவாட்டில் விலகக் கண்டு பதறி, விமானத்தை மிகச் சாய்த்துத் திருப்புகிறான். மூக்குத் தாழ்கிறது, நிலம் நெருங்குகிறது. உடனே இயக்குகோலைத் தன்பால் இழுக்கிறான். மேலே எழ வேண்டுமானால் கோலை இழுக்க வேண்டும் என்பது அவன் கற்ற பழக்கம். அப்பழக்கமே அங்கே அவனுக்குக் கூற்றாகிறது. காற்றை எதிர்க்கும் கோணம் ஓர் அளவைக் கடந்தால், இறக்கையின்மேல் ஒட்டி ஓடிய காற்றுச் சிதறும். தூக்கும் ஆற்றல் குன்றும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கைகள், அதன் எடையைப் போல் இருமடங்கு சுமக்கின்றன. நேரே பறக்கையில் 80 கிலோமீட்டர் வேகத்திற் கைவிடும் இறக்கை, அவ்வாறு திரும்புகையில் 113 கிலோமீட்டரிலேயே கைவிட்டுவிடும். ஓர் இறக்கை மற்றதற்கு முன் தளருமாயின் விமானம் பம்பரம்போற் சுழன்று வீழும். கோலை முன்னே தள்ளுவதே மீளும் வழியின் தொடக்கம். ஆயின், கண்ணெதிரே நிலம் தெரிகையில் அதனை நோக்கி மூக்கைத் தாழ்த்த யாருக்குத்தான் மனம் வரும்? வந்தாலும், மீள்வதற்கு வேண்டிய உயரம் அங்கே இராது.

இக்கேட்டை விமானத்தின் அமைப்பினாலேயே தடுக்க இயலாதா என்று எண்ணினார் பிரெட் வீக் என்னும் அமெரிக்கப் பொறியறிஞர். லாங்லியில் இருந்த அரசினர் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1930களில் நண்பர்களோடு கூடி ஓய்வு நேரத்தில் ஒரு சிறு விமானம் கட்டினார். அந்நாளைய சிறு விமானங்களுக்குப் பெரும்பாலும் முன்னே இரு சக்கரங்களும் வாலடியில் ஒரு தாங்கியும் இருந்தன. எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னே இருந்தமையால், ஓட்டத்தில் சற்றே கோணினும் வால் முந்திக்கொள்ளப் பார்க்கும். விமானம் தரையிலேயே சுழன்றுவிடும். கட்டையைக் கயிற்றால் இழுத்தால் அது நேரே பின்தொடரும். பின்னிருந்து கோலால் தள்ளினால் பக்கம் திரும்பிவிடும் அன்றோ? வீக் மூன்றாம் சக்கரத்தை மூக்கின் அடியில் வைத்து, எடையின் மையத்தை மற்ற இரு சக்கரங்களுக்கு முன்னே கொணர்ந்தார். பின்னர் அவர் வகுத்த எர்கூப் விமானம் 1937இல் பறந்தது. காலால் மிதிக்கும் சுக்கான் மிதிகளை அவர் அதில் அமைக்கவில்லை. கோலை மிகுதியாக இழுக்கவும் இடம் தரவில்லை. ஆதலால் அது சுழன்று வீழாது. எனினும், வேகம் மிகக் குறைந்தால் அதுவும் விரைந்து இறங்கித் தரையில் மோதவே செய்யும்.

மூக்குச் சக்கரம் நாளடைவில் எங்கும் பரவிற்று. 1956 முதல் விற்பனைக்கு வந்து, இதுவரை 44,000க்கு மேல் கட்டப்பெற்ற செஸ்னா 172 அவ்வகையினதே. தரையிற் சுழலும் விபத்துக் குறைந்தது. ஆனால், வேறொரு தொல்லை தலையெடுத்தது. வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால், அடக்கவேண்டிய ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். அவ்வாறு மிகை வேகத்தில் வருபவன், இறங்க மறுக்கும் விமானத்தைக் கோலைத் தள்ளித் தரையில் அழுத்த முயல்கிறான். மூக்குச் சக்கரம் முதலில் மோத, விமானம் பந்துபோல் எகிறுகிறது. அவன் மீண்டும் தள்ளுகிறான். இரண்டாம் துள்ளலிலோ மூன்றாவதிலோ அச்சக்கரம் முறிந்து, சுழலும் விசிறி நிலத்தை வெட்டுகிறது. முதல் துள்ளலிலேயே பொறியை முழு விசையில் முடுக்கி எழுந்து, ஒரு வட்டம் சுற்றி வந்திருந்தால் சில நிமிடமும் சிறிது பெட்ரோலுமே செலவாகியிருக்கும். பயிற்சிப் பள்ளிகளில் மாணவ விமானிகளைத் தரைக்குச் சில அடி மேலிருந்தே திரும்ப எழச் செய்து, இதனைப் பலமுறை பழக்குகின்றனர்.