வழக்கு அற்றுப்போனால் காணியும் போய்விடுமா?

"தவணைக்குப் போகேலாமல் போச்சு, இனிக் காணியும் இல்லை." இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. கைவிடுமுன் வழக்கேட்டைப் பார்ப்போம்.

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மூன்று விதமாக நடந்திருக்கலாம்:

1. வழக்காளி சமுகமளிக்காததால் தள்ளுபடி (87ஆம் பிரிவு). நியாயமான காலத்துள் காரணங்காட்டி மனுச் செய்யலாம்.

2. எதிராளி வராததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. தீர்ப்பாணை கையளிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் (86ஆம் பிரிவு).

3. வழக்காளி தேவையான நடவடிக்கையை 12 மாதங்களுக்கு மேல் எடுக்காததால், வழக்கு அற்றுப்போனதாக மாவட்ட நீதிமன்றம் இட்ட கட்டளை (402ஆம் பிரிவு). போதிய காரணத்தால் தடைப்பட்டோம் என எண்பித்தால் கட்டளை நீக்கப்படும் (403ஆம் பிரிவு). அடுத்த நடவடிக்கை நம்முடையதா, விளக்கத் தவணை குறிப்பது போன்ற நீதிமன்றத்தின் கடமையா என்பதையும் சட்டத்தரணியிடம் கேளுங்கள். நீதிமன்றத்தினதாயின் தவறு நம்முடையதல்ல.

தள்ளுபடியான அல்லது அற்றுப்போன வழக்கின் அதே வழக்குக் காரணத்துக்குப் புது வழக்கு வைக்க முடியாது. பழைய வழக்கையே உயிர்ப்பிக்க வேண்டும்.

"இடம்பெயர்ந்தோம்" என்ற ஒரு சொல் போதாது. எந்தத் திகதியில் வெளியேறினோம், எங்கே இருந்தோம், பாதை திறந்த பின்னும் ஏன் தாமதித்தோம் என்பவற்றைச் சத்தியக்கடதாசியில் சொல்ல வேண்டும். முகாம் பதிவு, நிவாரண அட்டை, கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். வசதி குறைந்தோர் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கலந்துரையாட: நம் வழக்கிலக்கமும் கடைசித் தவணைத் திகதியும் வீட்டில் எழுதி வைக்கப்பட்டுள்ளனவா?