வட்டாரச் சொல்லின் பொருளைக் கண்டுபிடிப்பது எப்படி? புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் கதையைக் கையில் எடுத்தவர், கோவைக்கோ நாகர்கோவிலுக்கோ மாற்றலாகிப் போனவர், யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் செய்தவர் என எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. வினோதமாக ஒலிக்கும் சொல்லைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை எப்படியும் விசாரித்துவிடுவோம். ஏமாற்றுவது தெரிந்த முகத்தோடு வரும் சொல்தான்.

படி 1: வாக்கியத்தோடு பிடியுங்கள்

சொல்லை மட்டும் குறித்தால் போதாது. முழுப் பேச்சையும், சொன்னவர் யார், எந்த ஊர் என்பதையும் எழுதுங்கள். திருநெல்வேலியில் ‘ஆச்சி’ பாட்டி. நகரத்தார் வீட்டில் அக்காவும் ஆச்சிதான்.

படி 2: ஒலியைத் திருப்பிப் போடுங்கள்

பேச்சில் இலை ‘எலை’ ஆகும், உடம்பு ‘ஒடம்பு’ ஆகும். கொங்கில் ‘ஒறம்பரை வந்திருக்குது’ என்று கேட்டால், ஒகரத்தை உகரமாக்கிப் பாருங்கள். உள்ளே ‘உறவு’ தலைகாட்டும். விருந்துக்கு வந்த சொந்தக்காரர்களைச் சொல்கிறார்கள். வடமொழியிலிருந்து வந்த சொற்கள் சிலவற்றில் முதல் அகரம் எகரமாகும்: பலம் ‘பெலம்’, ஜனம் ‘செனம்’. இது தெரிந்தால் யாழ்ப்பாணத்து ‘கெதியா வா’வில் ‘கதி’ கிடைத்துவிடும். விரைந்து வரச் சொல்கிறார்கள்.

படி 3: தெரிந்த சொல்லைச் சந்தேகியுங்கள்

இங்கேதான் நிதானம் தேவை. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ‘வெள்ளம்’ கேட்டால் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். அங்கே ‘சக்கை’ பலாப்பழம், பிழிந்துபோட்ட கரும்பு அல்ல. ‘நல்லமிளகு’ என்றதும் கெட்டமிளகு எது என்று தேட வேண்டாம். மிளகாயும் மிளகென்ற பெயரைப் பங்கு போட்டுக்கொண்டதால், பழைய மிளகுக்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது.

யாழ்ப்பாணத்தவர் ‘ஆறுதலா வாங்கோ’ என்றால் யாரையும் தேற்றவில்லை. அவசரமில்லை, மெதுவாக வரலாம் என்கிறார். கொங்குக்காரர் ‘பொழுதோட வாங்க’ என்றால் சாயங்காலம். காலையிலேயே போய் நின்றால் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள்.

நமக்குத் தெரிந்த பொருள் அந்த வாக்கியத்தில் கொஞ்சம் இடறினாலும் அதை விட்டுவிடுங்கள். இடறலை ‘பேச்சுத் தமிழ் அப்படித்தான்’ என்று சமாதானம் சொல்லித் தாண்டுவதால்தான் பாதித் தவறுகள் நேர்கின்றன.

படி 4: பக்கத்து மொழியையும் கப்பலையும் பாருங்கள்

கொங்கின் ‘எச்சு’ (அதிகம்) கன்னட ‘ஹெச்சு’வின் உறவு. ஈழத்துக் ‘கதிரை’ (நாற்காலி), ‘சப்பாத்து’ போர்த்துகீசியர் விட்டுச்சென்றவை. ‘கந்தோர்’ (அலுவலகம்) டச்சுக்காரர் தந்தது. கதிரையைக் கதிரோடு முடிச்சுப் போட ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: அகராதியை இப்போது திறங்கள்

கரிசலுக்கு கி.ராஜநாராயணன் (1982), கொங்குக்குப் பெருமாள்முருகன் (2000), நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் (2007) தொகுத்த சொல்லகராதிகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் (1924–36) பல சொற்களின் அருகே யாழ்ப்பாணம், திருநெல்வேலி, நாஞ்சில்நாடு என்று இடக்குறிப்பு இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

படி 6: சொல்லிப் பாருங்கள்

‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் ஏட்டுத் தமிழில் ஒற்றைச் சொல்லைத் தந்து அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பதில், உங்கள் ஊகத்தை வைத்து ஒரு வாக்கியம் பேசுங்கள்: ‘குழம்புல உப்பு எச்சுங்களா?’ ஊகம் சரியென்றால் உப்பைப் பற்றிப் பதில் வரும். தவறென்றால் சிரிப்பார்கள், கூடவே திருத்தமும் வரும். எதுவானாலும் ஊர்ப்பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.