நல்லெண்ணெயும் இதய வால்வும்



நல்லெண்ணெயிலும் நிலக்கடலையிலும் இருக்கும் தாவர ஸ்டெரால் இதய வால்வைக் காக்குமா, கெடுக்குமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தந்துவிட முடியாது. குடலின் வேலை, இரத்தத்தின் கொழுப்புக் கணக்கு, வால்வின் தேய்வு என்னும் மூன்று செய்திகள் அந்தக் கேள்விக்குள் பின்னிக் கிடக்கின்றன.

விலங்கின் உயிரணுச் சவ்வு தளர்ந்தும் விடாமல் இறுகியும் விடாமல் இருக்கக் கொலஸ்ட்ரால் துணை நிற்பது போலத் தாவரத்தின் உயிரணுச் சவ்வுக்குத் துணை நிற்கும் கொழுப்பு வகைப் பொருளே தாவர ஸ்டெரால். கொலஸ்ட்ராலில் 27 கார்பன் அணுக்கள் உள்ளன. கேம்பெஸ்டெராலில் 28, சிட்டோஸ்டெராலிலும் ஸ்டிக்மாஸ்டெராலிலும் 29. வால் பகுதியில் கூடும் அந்த ஒன்றிரண்டு அணுக்களைத் தவிர உருவம் ஏறத்தாழ ஒன்றே. நெல்லின் தவிட்டில் இப்பொருள் மிகுதி. தவிட்டு எண்ணெய் 100 கிராமில் அது 1 கிராமுக்கும் மேல் இருக்கும். கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் அரை கிராமோ அதற்குச் சற்று மேலோ, கடலை எண்ணெயில் கால் கிராமுக்கும் சற்றுக் குறைவு, தேங்காய் எண்ணெயில் அதிலும் பாதியளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவோ பாலிலிருந்து பிறப்பதால் அதில் உள்ளது கொலஸ்ட்ரால்.

இவ்வளவு ஒத்த இரண்டு பொருள்களையும் குடல் ஒன்றாக நடத்துவதில்லை என்பதே இந்தச் செய்தியின் வியப்பு. சிறுகுடலின் உட்சுவரில் என்.பி.சி.1.எல்.1 என்னும் புரதம் வாயிற்காவலர் போல நின்று இரண்டு ஸ்டெரால்களையும் உள்ளே விடுகிறது. உள்ளே வந்தவற்றில் தாவர ஸ்டெராலைத் தேர்ந்தெடுத்து மீண்டும் குடலுக்கே தள்ளிவிடும் இறைப்பான்களாக ஏ.பி.சி.ஜி.5, ஏ.பி.சி.ஜி.8 என்ற இரண்டு புரதங்கள் இணைந்து வேலை செய்கின்றன. அதனால் உண்ட கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ பாதி உடலில் சேர, சிட்டோஸ்டெராலில் நூற்றில் ஐந்து பங்குகூடச் சேர்வதில்லை. இந்த இறைப்பான் பழுதானால் என்ன நேரும் என்பதை 1974இல் அமெரிக்காவில் பட்டாச்சார்யா, கானர் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு சகோதரிகளிடம் முதன்முதலாகக் கண்டு எழுதினார்கள். தசைநாண்களில் கொழுப்புக் கட்டிகள் புடைத்திருந்த அப்பெண்களின் இரத்தத்தில் தாவர ஸ்டெரால் பெருமளவு தேங்கியிருந்தது. சிட்டோஸ்டெரோலீமியா எனப்படும் இந்த அரிய பரம்பரை நோய்க்குக் காரணமான மரபணுக்கள் 2000ஆம் ஆண்டையொட்டி அடையாளம் காணப்பட்டன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வெளிப்படும் என்பதால், மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது இன்றும் மறையாத தென் மாவட்டங்களில் மருத்துவர்கள் இந்நோயை நினைவில் வைத்திருப்பது நல்லது. இளவயதிலேயே இதயத் தமனி அடைபடுவதோடு, வால்வு இறுகுவதும் இந்நோயாளர் சிலரிடம் பதிவாகியுள்ளது. தாவர ஸ்டெராலையும் வால்வையும் இணைத்த முதல் ஐயம் இங்கிருந்தே எழுகிறது.

இறைப்பான் பழுதில்லாத பெரும்பாலோரிடம் கதை வேறு. குடலில் கொலஸ்ட்ரால் கரைந்து நிற்பதற்கான நுண்துளிகளில் தாவர ஸ்டெரால் இடம் பிடித்துக்கொள்வதால், உள்ளே போகும் கொலஸ்ட்ரால் குறைகிறது. நாளொன்றுக்கு 2 கிராம் உட்கொண்டால் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு நூற்றுக்கு எட்டு முதல் பத்து வரை குறைகிறது என்பது நிலைபெற்ற செய்தி. ஆனால் நல்லெண்ணெயின் மூலமே அந்த 2 கிராமைப் பெற வேண்டுமானால் நாள்தோறும் சில நூறு கிராம் எண்ணெய் குடிக்க வேண்டியிருக்கும். சாதாரணச் சாப்பாட்டில் கிடைப்பது 200 முதல் 400 மில்லி கிராம் மட்டுமே. இந்த இடைவெளியை நிரப்பத்தான் 1995இல் பின்லாந்தில் ஸ்டெராலின் உறவுப் பொருளான ஸ்டானால் சேர்த்த மார்கரின் விற்பனைக்கு வந்தது. பிற நாடுகளிலும் ஸ்டெரால் சேர்த்த உணவுகள் பின்தொடர்ந்தன. ஆகவே சமையலறையின் அளவும் ஆலையின் அளவும் ஒன்றல்ல என்பதை மனத்தில் கொள்ளாமல் இந்த விவாதத்தைப் படித்தால் குழப்பமே மிஞ்சும்.

இனி வால்வு. இடது கீழறையிலிருந்து பெருந்தமனி புறப்படும் வாயிலில் மூன்று இதழ்கள் உள்ளன. வெங்காயச் சருகு போல மெலிந்த அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன. வயது ஏற ஏற, தமனியை நோக்கிய பக்கத்தில் இதழின் மேல்தோல் நைந்து, அதன் அடியில் கொழுப்புத் துகள்கள் தங்கி, அழற்சி மூண்டு, பிறகு கால்சியம் படிந்து எலும்பு போலவே கட்டியாகிவிடுகிறது. இறுகிய இதழ்கள் முழுதாகத் திறக்காததால் இதயம் கூடுதல் வலுவோடு இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சிரைப்பு, நெஞ்சு இறுக்கம், திடீர் மயக்கம் ஆகிய மூன்றும் இதன் வெளி அடையாளங்கள்.

2008இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், இவ்வாறு வால்வு இறுகிய 82 நோயாளர்களைப் பார்த்தபோது, ஸ்டெரால் சேர்த்த மார்கரின் உண்டு வந்த 10 பேரின் வால்வுத் திசுவில் தாவர ஸ்டெரால் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு இருப்பதைக் கண்டார்கள். படித்தவுடன் அச்சம் தருகின்ற இந்தச் செய்தியை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உண்ட பொருள் வால்வுவரை போய்ச் சேர்கிறது என்பதை அது காட்டுகிறது. வால்வு இறுகியதற்கு அதுவே காரணம் என்பதைக் காட்டவில்லை. பத்துப் பேர் என்பதும் சிறிய எண்ணிக்கை. அதே 2008இல் வெளியான சீஸ் (SEAS) என்னும் ஐரோப்பிய ஆய்வு, 1,873 பேரில் ஒரு பகுதியினருக்குச் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், எசட்டிமைப் என்ற இரு மருந்துகளையும் கொடுத்து நான்கு ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து பார்த்தது. எசட்டிமைப் என்பது மேலே சொன்ன குடல் வாயிற்காவலரையே தடுக்கும் மருந்தாதலால், கொலஸ்ட்ராலோடு தாவர ஸ்டெராலும் உள்ளே போவதை அது குறைக்கிறது. எல்.டி.எல். பாதிக்கும் மேல் குறைந்தது, இதயத் தமனி அடைப்பால் வரும் தொல்லைகளும் குறைந்தன. வால்வு இறுகும் வேகம் மட்டும் குறையவில்லை. இரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு எண் இறங்கியதைக் கண்டு வால்வு பிழைத்தது என்று எண்ணுவது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. இந்தச் சான்றுகளை வைத்துப் பார்க்கையில், எள்ளையும் கடலையையும் அஞ்ச வேண்டியதில்லை என்றும், வால்வுக்கு நல்லது என்று சொல்லி விற்கப்படும் ஸ்டெரால் மாத்திரைக்குப் பணம் செலவிடத் தேவையில்லை என்றும் துணிந்து கூறலாம்.

நம் நாட்டில் பல குழந்தைகளின் வால்வைக் கெடுப்பது உணவே அல்ல. ஐந்து முதல் பதினைந்து வயதில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண்ணைக் கவனியாமல் விட, அதைத் தொடரும் ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தைத் தாக்கி, இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ்களை ஒட்டவைத்துவிடுகிறது. தொண்டைப்புண் வந்தவுடன் உரிய மருந்து கொடுப்பதும், ஒருமுறை தாக்கப்பட்ட பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு வருவதும் எந்த எண்ணெயாலும் செய்ய முடியாத காவல். இத்தகைய நோயாளர்களுக்காகவே திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா என்னும் செயற்கை வால்வு, 1990 டிசம்பரில் முதன்முறையாகப் பொருத்தப்பட்டது.

செயற்கை உலோக வால்வு பொருத்திக்கொண்டவர் வீட்டில் இருந்தால், உணவுக்கும் வால்வுக்கும் உள்ள மெய்யான உறவு அங்கேதான் தெரியும். வால்வில் இரத்தம் உறையாமல் இருக்க அவர் நாள்தோறும் உட்கொள்ளும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளின் வேலையை, கீரையிலுள்ள வைட்டமின் கே எதிர்க்கிறது. ஒரு வாரம் முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் கட்டுக்கட்டாய்ச் சமைத்துவிட்டு மறுவாரம் கீரையே தொடாமல் இருந்தால், ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை அளவு ஒரு வாரம் இறங்கியும் மறுவாரம் ஏறியும் ஆபத்தை உண்டாக்கும். கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டு, அந்த அளவுக்கேற்ப மாத்திரையை மருத்துவர் வகுத்துத் தந்தால் போதுமானது.